மூலை இருண்ட நுணுக்குக்காட்டிப் படங்களைச் சமப்படுத்துவது

யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துச் செம்மண்ணில் விளைந்த சின்ன வெங்காயம் ஒன்றைத் தண்ணீர்க் குவளையின் வாயில் வைத்துவிட்டால் சில நாளில் வேர் விட்டுவிடும். அந்த வேர்நுனியை வெட்டி, காமைன் சாயம் ஏற்றி, வழுக்கியில் வைத்து நசுக்கி, இழையுருப் பிரிவின் (கலம் இரண்டாகப் பிரிவதன்) அவத்தைகளைத் தேடுவது உயர்தர உயிரியல் மாணவர்களுக்குப் பழக்கமான செய்முறை. கண்ணால் பார்க்கும்போது எல்லாம் வடிவாகத் தெரியும். பார்வைத்துண்டில் போனை வைத்துப் படம் எடுத்தால் கதை வேறு. நடுப்பகுதி வெள்ளை வெளேரென்று இருக்கும், ஓரங்கள் மங்கும், ஒரு மூலை பழுப்பேறிக் கிடக்கும்.

வழுக்கியிலோ சாயத்திலோ பிழை இல்லை. மெல்ல மெல்ல மாறுகிற வெளிச்சத்தை நம் கண்ணும் மூளையும் சேர்ந்து பொருட்படுத்தாமல் விட்டுவிடும். கமெரா அப்படி விடாது. தனக்கு வந்த ஒளியை ஒவ்வொரு பிக்சலிலும் எண்ணாக எழுதிவைக்கும். பார்த்து ரசிப்பதற்கு மட்டும் படம் எடுத்தால் இது பெரிய குறை இல்லை. ஆனால் அந்தப் படத்திலிருந்து எதையாவது எண்ணவோ அளக்கவோ போகிறீர்கள் என்றால், இந்தச் சீரற்ற வெளிச்சத்தைச் சரிசெய்யாமல் ஒரு அடி நகரக்கூடாது. ஏன் என்று எண்களிலேயே பார்த்துவிடலாம்.

பிக்சலின் மதிப்பு 0 என்றால் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை. வழுக்கியில் ஒன்றுமே இல்லாத இடம் படத்தின் நடுவில் 240 என்றும், இருண்ட மூலையில் 150 என்றும் பதிவாகிறது என்று வைத்துக்கொள்வோம். சாயம் ஏறிய ஒரு கரு, தன்மீது விழும் ஒளியில் பாதியைத்தான் விடும். அதைச் சுற்றியுள்ள குழியவுரு ஐந்தில் நாலு பங்கை விடும். அப்படியானால் நடுவில் உள்ள கரு 120, குழியவுரு 192. மூலையில் உள்ள கரு 75, குழியவுரு 120.

நடுவில் இருக்கும் கருவும் 120, மூலையில் இருக்கும் குழியவுருவும் 120! ‘130க்குக் கீழே இருப்பதெல்லாம் கரு’ என்று கணினிக்குச் சொன்னால், மூலையில் உள்ள கலங்கள் முழுசாகக் கருவாகிவிடும். எல்லையை 100க்கு இறக்கினால் நடுவில் உள்ள கருக்கள் அத்தனையும் காணாமற் போகும். இரண்டு இடத்துக்கும் சேர்த்துப் பொருந்தும் ஓர் எல்லை கிடையவே கிடையாது. 1979இல் நொபுயுக்கி ஓட்சு வெளியிட்டதும் இன்றுவரை எங்கும் பயன்படுவதுமான தானியங்கி எல்லை முறையும் முழுப் படத்துக்கும் ஒரே எல்லையைத்தான் தேடும். எனவே அதுவும் இங்கே கைவிட்டுவிடும்.

இந்த இருட்டு ஒரு இடத்திலிருந்து வருவதில்லை. ஆடி சரிந்திருக்கலாம், விளக்கு நடுவில் இல்லாமலிருக்கலாம். 4 மடங்குப் பொருள்வில்லையில் பார்வைப் புலம் பெரிது. வழுக்கிக்குக் கீழே நின்று ஒளியைக் குவிக்கும் வில்லைத் தொகுதியான கண்டென்சர் அனுப்பும் ஒளி அந்தப் புலத்தின் ஓரம்வரை எட்டாது. வில்லைகளுக்கு இயல்பாகவே ஓரத்தில் ஒளி குறையும், போன் கமெராவின் வில்லை அதற்கு மேல் தன் பங்கையும் சேர்க்கும். கண்ணாடிப் பரப்புகளில் தூசி ஒட்டியிருக்கும். கமெராவின் பிக்சல்கள்கூட எல்லாம் ஒரே உணர்திறன் கொண்டவை அல்ல.

கணினிக்குப் போகமுன் ஆடியையும் விளக்கையும் பாருங்கள். மென்பொருளில் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது எனக்குச் சம்மதமில்லாத பழக்கம். வந்துசேராத ஒளியை எந்த மென்பொருளும் திருப்பித் தராது, இதைப் பின்னால் விளக்குகிறேன்.

நுணுக்குக்காட்டிப் படங்களில் வெளிச்சத்தைச் சமப்படுத்த இன்றும் உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் முறையை ஜேர்மனியரான ஒகுஸ்ட் கோலர் 1893இல் வெளியிட்டார். பின்னாளில் நுணுக்குக்காட்டிகள் செய்யும் சைஸ் நிறுவனத்தில் சேர்ந்தவர் அவர். உங்கள் கருவியின் அடிவிளக்கில் ஓர் ஐரிஸ் (விரித்துச் சுருக்கக்கூடிய துவாரம்) இருந்தால் அந்த முறையைச் செய்யலாம். முதலில் வழுக்கியைத் தெளிவாகக் குவியப்படுத்துங்கள். அப்புறம் விளக்கின் ஐரிசை நன்றாக மூடுங்கள். கண்டென்சரை மேலும் கீழும் நகர்த்தினால் ஓரிடத்தில் அந்த ஐரிசின் விளிம்பு கூர்மையாகத் தெரியும். கண்டென்சரின் திருகாணிகளால் அதை நடுவுக்குக் கொண்டுவந்து, விளிம்பு பார்வைப் புலத்துக்குச் சற்று வெளியே போகும்வரை திறந்துவிடுங்கள். கடைசியாகப் பார்வைத்துண்டைக் கழற்றிக் குழாய்க்குள் பார்த்தால் ஒரு ஒளிவட்டம் தெரியும். கண்டென்சரின் சொந்த ஐரிசை அந்த வட்டத்தில் முக்கால் பங்கு அளவுக்கு வையுங்கள்.

பாடசாலைகளில் இன்னமும் ஆடி வைத்த கருவிகள் கனக்க இருக்கின்றன. அவற்றில் விளக்கு ஐரிஸ் இல்லை. அங்கேயும் வழி உண்டு. கண்டென்சர் இருந்தால் தளவாடியைத் திருப்புங்கள், குழிவாடி கண்டென்சர் இல்லாத கருவிக்குரியது. பார்வைத்துண்டைக் கழற்றி உள்ளே பார்த்தபடியே ஆடியைத் திருப்பி, ஒளிவட்டம் ஒரு பக்கம் சாயாமல் இருக்கிற நிலையில் விடுங்கள். நேர் வெயில் வேண்டாம், வெறும் வானத்தின் வெளிச்சம் போதும். மேசைவிளக்கு என்றால் அதன் முன்னால் ஒரு துண்டு ட்ரேசிங் பேப்பரை ஒட்டுங்கள். இவ்வளவு செய்தாலே பாதி இருட்டு போய்விடும். மிச்சப் பாதிக்குத்தான் கணக்கு.

அந்தக் கணக்கில் புதிதாக வருபவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். மூலை 90 புள்ளி குறைவாக இருக்கிறது, ஆகவே 90ஐக் கூட்டிவிட்டால் சரி என்று மனம் சொல்லும். சரி இல்லை. திருநெல்வேலிச் சந்தையில் ஒரு பழுதான தராசு இருக்கிறது என்று நினையுங்கள். எதை வைத்தாலும் உண்மையான நிறையில் எட்டில் ஐந்து பங்கைத்தான் அது காட்டும். 800 கிராம் வெங்காயத்தை 500 என்று காட்டும், 400 கிராமை 250 என்று காட்டும். முதலாவதில் குறைவு 300, இரண்டாவதில் 150. ஆகவே ‘இந்தத் தராசுக்கு 300ஐக் கூட்டு’ என்ற விதி உதவாது. ஒரு கிலோப் படிக்கல்லை வைத்துப் பாருங்கள், 625 காட்டும். இனி எதை நிறுத்தாலும், வந்த எண்ணை 625ஆல் வகுத்து 1000ஆல் பெருக்கினால் உண்மையான நிறை வந்துவிடும்.

வெளிச்சமும் அதே மாதிரித்தான். மூலையில் விழும் ஒளி நடுவில் விழுவதன் எட்டில் ஐந்து பங்கு. அந்த ஒளியில் ஒரு பங்கைக் கலம் தடுக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பெருக்குகின்றன, கூட்டுவதில்லை. பெருக்கத்தைப் போக்குவது வகுத்தல். நமக்கு வேண்டிய படிக்கல், ஒன்றுமே இல்லாத இடத்தை எடுத்த படம். அதை வெற்றுப்படம் என்று சொல்லிக்கொள்வோம். மேலே உள்ள எண்களை அதனால் வகுத்துப் பாருங்கள். நடுவில் உள்ள கரு 120 ÷ 240 = 0.5, மூலையில் உள்ள கரு 75 ÷ 150 = 0.5. குழியவுரு 192 ÷ 240 = 0.8, மூலையிலும் 120 ÷ 150 = 0.8. குழப்பம் தீர்ந்தது. கழித்துப் பார்த்திருந்தால் கருக்களுக்கு 120 என்றும் 75 என்றும் வந்திருக்கும், பழைய பிரச்சினை அப்படியே நின்றிருக்கும்.

வகுத்ததால் கிடைத்த 0.5, 0.8 என்ற எண்களுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அவை வெறும் வெளிச்ச அளவுகள் அல்ல, பொருள் எத்தனை பங்கு ஒளியை விடுகிறது என்ற பௌதிக அளவுகள். அதன் மடக்கையை எடுத்துக் குறியை மாற்றினால் ஒளியடர்த்தி வரும். 0.5க்கு அது ஏறத்தாழ 0.30. பியர்-லம்பேர்ட் விதிப்படி இது சாயத்தின் அளவோடு நேர்விகிதத்தில் ஏறும். சாயம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று படத்திலிருந்தே ஒப்பிட விரும்பும் எவருக்கும் இந்த வகுத்தல்தான் வாசற்படி.

தராசு உவமையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. தட்டில் ஒன்றுமே இல்லாதபோதே அது 20 கிராம் காட்டினால், முதலில் அந்த 20ஐக் கழிக்கவேண்டும், பிறகுதான் வகுக்கலாம். கமெராவிலும் ஒளியே படாதபோது பிக்சல் முழுப் பூச்சியமாக இருப்பதில்லை. ஒளியை முழுசாக மறைத்துவிட்டு, அதே ஒளிப்பதிவு நேரத்தில் (கமெரா ஒளியை உள்வாங்கும் நேரம்) ஒரு படம் எடுத்தால் அந்த அளவு தெரியும். இது இருட்படம். சின்ன விஷயம்போலத் தோன்றும், ஆனால் கறுத்த பொருள்களில் இதன் பாதிப்பு பெரிது. ஒளியில் பத்தில் ஒரு பங்கை மட்டும் விடுகிற, நன்றாகச் சாயம் ஏறிய நிறமூர்த்தக் கூட்டம் ஒன்றை எடுங்கள். கமெரா எல்லாவற்றோடும் 10ஐக் கூட்டிக் காட்டுகிறது என்றால், நடுவில் 34 ÷ 250, அதாவது 0.136. மூலையில் 25 ÷ 160, அதாவது 0.156. உண்மை 0.1. இரண்டும் பிழை, ஒன்றுக்கொன்றும் ஒத்துப்போகவில்லை. 10ஐ மேலும் கீழும் கழித்துவிட்டு வகுத்தால் இரண்டிலும் சரியாக 0.1 வரும்.

ஆக முழுச் சூத்திரம் இவ்வளவுதான்:

திருத்திய படம் = (எடுத்த படம் − இருட்படம்) ÷ (வெற்றுப்படம் − இருட்படம்) × ஒரு மாறா எண்

கடைசியில் உள்ள மாறா எண், 0க்கும் 1க்கும் இடையில் வந்த விடையைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தூக்கிவிடுவதற்கு. வெற்றுப்படத்திலிருந்து இருட்படத்தைக் கழித்தபின் வரும் சராசரியை வைப்பது வழக்கம். வானியலாளர்களும் இதே சூத்திரத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். அவர்களுக்கு வெற்றுப்படம் அந்திவானம்.

சூத்திரம் இலகு. வெற்றுப்படத்தை ஒழுங்காக எடுப்பதில்தான் வேலை இருக்கிறது, ஆகவே இதில் கொஞ்சம் நின்று போவோம். அதே வழுக்கியில், கவர் கிளாசின் கீழேயே, கலங்கள் இல்லாத துப்புரவான இடத்துக்கு நகருங்கள். பொருள்வில்லையையோ கண்டென்சரையோ ஐரிசையோ தொடக்கூடாது. தொட்டால் நிழலின் உருவம் மாறிவிடும், பழைய வெற்றுப்படம் செல்லாது. 10 மடங்குக்கு எடுத்ததை 40 மடங்குக்குப் பயன்படுத்த முடியாது. ஜன்னல் வெளிச்சத்தில் வேலை செய்பவர்கள் மாரிகாலத்தில் கூடக் கவனம் வைக்கவேண்டும். கார்த்திகை, மார்கழியில் முகில் ஓட ஓட ஒளி மாறும், ஆகவே படத்தை எடுத்த கையோடு வெற்றுப்படத்தையும் எடுத்துவிடுங்கள்.

போனில் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. போன் தானாகவே ஒளிப்பதிவையும் நிறச் சமநிலையையும் மாற்றிக்கொண்டே இருக்கும். கலங்கள் நிறைந்த இடத்தையும் வெற்றிடத்தையும் அது ஒரே அளவு வெளிச்சமாகக் காட்டப் பார்க்கும், நம் கணக்கு குழம்பும். திரையில் விரலை அழுத்திப் பிடித்துக் குவியத்தையும் ஒளிப்பதிவையும் பூட்டுங்கள், அல்லது புரோ மோடுக்குப் போங்கள். எச்டிஆரை நிறுத்துங்கள், அது படத்தின் ஒவ்வொரு பகுதியையும் வெவ்வேறாக மாற்றிவிடும். போனைக் கையால் பிடிக்காமல் ஒரு பிடியில் பூட்டிவிடுவது மிக நல்லது, ஏனென்றால் போன் அரை மில்லிமீற்றர் நகர்ந்தாலும் நிழல் இடம் மாறிவிடும். இன்னொன்று, போன் தரும் சாதாரணப் படங்களில் எண்கள் ஒளியின் அளவோடு நேர்விகிதத்தில் இருப்பதில்லை, வளைத்து எழுதப்பட்டிருக்கும். அப்படியான படத்தை வகுத்தாலும் பின்னணி ஓரளவு சமமாகும், எண்ணுவதற்குப் போதும். ஒளியடர்த்தி அளக்கவேண்டுமென்றால் கமெரா பதிந்த எண்களை வளைக்காமல் அப்படியே வைக்கும் ரோ வடிவில் எடுத்த படம் வேண்டும்.

வெற்றுப்படம் எந்த இடத்திலும் 255ஐத் தொடக்கூடாது. 255ஐத் தொட்ட பிக்சல் அதற்கு மேல் எவ்வளவு ஒளி வந்தது என்று சொல்லாது, அந்தத் தகவல் போனது போனதுதான். மிக வெளிச்சமான இடம் 220 அளவில் நின்றால் நல்லது. ஒரே படத்தோடு நிற்காமல் பல படங்கள் எடுத்துச் சராசரி காணுங்கள். ஒவ்வொரு படத்திலும் சிறுமணிபோல இரைச்சல் இருக்கும், 16 படங்களின் சராசரியில் அது காற்பங்காகக் குறையும். இல்லாவிட்டால் வெற்றுப்படத்தின் இரைச்சல் நீங்கள் திருத்தும் எல்லாப் படத்திலும் ஏறிக்கொள்ளும்.

தூசி விஷயம் சுவாரசியமானது. கமெராவிலோ கண்டென்சரிலோ ஒட்டியிருக்கும் தூசி எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் நிற்கும், எனவே வகுக்கும்போது தானாக மறையும். வழுக்கியில் உள்ள தூசி வழுக்கியோடு நகரும். வெற்றுப்படத்தில் அது விழுந்துவிட்டால், திருத்திய படங்கள் அத்தனையிலும் அதே இடத்தில் ஒரு வெளிச்சப் பொட்டு பேய்போல நிற்கும். ஆகவே ஒவ்வொரு வெற்றுப்படத்துக்கும் வழுக்கியைச் சற்று நகர்த்தி எடுத்து, சராசரிக்குப் பதில் இடையத்தை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை) எடுங்கள். ஒரு படத்தில் மட்டும் தெரியும் தூசியை இடையம் கண்டுகொள்ளாது.

வகுப்பதற்கு இலவச மென்பொருளே போதும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகத்தில் வேய்ன் ராஸ்பாண்ட் எழுதிய இமேஜ்ஜே, அதன் விரிவான வடிவமான பிஜி, இரண்டிலும் ‘புரொசஸ்’ பட்டியலில் ‘இமேஜ் கல்குலேட்டர்’ இருக்கிறது. முதலில் இரண்டு படங்களிலிருந்தும் இருட்படத்தைக் கழித்துவிட்டு, எடுத்த படம், வெற்றுப்படம், ‘டிவைட்’ என்று தெரிந்தெடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் ‘32-பிட்’ என்ற பெட்டியில் கட்டாயம் சரி போடுங்கள். போடாவிட்டால் விடை முழு எண்ணாகத்தான் நிற்கும். 0.5க்கும் 0.8க்கும் அங்கே இடமில்லை, படம் முழுக்கக் கறுப்பாக வரும். நிறப்படம் என்றால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வெற்றுப்படத்தின் அதே நிறப் பகுதியால் வகுத்து, மூன்றையும் ஒரே மாறா எண்ணால் பெருக்கிச் சேர்க்கவேண்டும். இதில் ஒரு இலவச இலாபமும் உண்டு. பழைய ஹலஜன் விளக்கின் மஞ்சள் பூச்சும் சேர்ந்தே கழன்றுபோகும்.

சரி, வெற்றுப்படம் எடுக்காமல் வந்துவிட்டோம், அல்லது யாரோ எடுத்த பழைய படங்கள்தான் கையில் இருக்கின்றன என்றால்? படத்திலிருந்தே நிழலை ஊகிக்கவேண்டும். நிழல் மெதுவாக மாறும், கலங்கள் சடுதியாக மாறும். இந்த வித்தியாசத்தைப் பிடித்துத்தான் எல்லா முறைகளும் நிற்கின்றன. படத்தின் ஒரு பிரதியைக் கலங்கள் கரைந்துபோகும் அளவுக்கு மங்கலாக்கினால் நிழல் மட்டும் மிஞ்சும், அதனால் வகுக்கலாம். இமேஜ்ஜேயில் உள்ள ‘சப்ட்ராக்ட் பேக்கிரவுண்ட்’, ஸ்டான்லி ஸ்டேர்ன்பேர்க் 1983இல் முன்வைத்த உருளும் பந்து முறை. பந்தின் ஆரை படத்தில் உள்ள மிகப் பெரிய பொருளைவிடப் பெரிதாக இருக்கவேண்டும், வெள்ளைப் பின்னணி என்றால் அதற்குரிய பெட்டியில் சரி போடவேண்டும். பெயரிலேயே தெரிவதுபோல இது கழிக்கும் முறை. கலங்களை எண்ண உதவும், சாயத்தை அளக்க நான் பயன்படுத்தமாட்டேன்.

இந்த ஊக முறைகள் எங்கே ஏமாற்றும் என்று தெரிந்திருக்கவேண்டும். வேர்நுனியின் அடர்ந்த பகுதி படத்தின் இடது பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றால், மங்கலாக்கிய பிரதி அதையும் நிழல் என்றே நினைத்து வெளிறச் செய்துவிடும். செங்குழியங்கள் நெருக்கியடித்து நிற்கும் இரத்தப் பூச்சிலும் இதே ஆபத்து உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்துவிட்டாலும், வெளிநாட்டிலிருந்து நோயோடு வருபவர்களைக் கண்டுபிடிக்க இரத்தப் பூச்சு பார்ப்பது நிற்கவில்லை. செங்குழியத்துக்குள் ஊதாப் பொட்டாகத் தெரியும் ஒட்டுண்ணியை ஒரு நிரல் தேடும்போது, பின்னணித் திருத்தமே அந்தப் பொட்டை வெளிறவைத்தால் பயன் இல்லை. கலங்கள் வெவ்வேறு இடங்களில் நிற்கும் படங்கள் பல இருந்தால், ஒவ்வொரு பிக்சலுக்கும் எல்லாப் படங்களின் இடையத்தை எடுப்பது இதைவிட நம்பகமானது. 2015இல் வந்த சிட்ரே, 2017இல் வந்த பேசிக் என்ற மென்பொருள்கள், பல படங்களிலிருந்து நிழலைக் கற்கும் இந்த வழியை இன்னும் கூர்மையாக்கியவை. பேசிக்கை பிஜிக்குள்ளேயே நிறுவிக்கொள்ளலாம்.

படத்தை அழகாக்கும் செயலிகளில் உள்ள தானியங்கி மாறுபாட்டு வசதிகளை இவற்றோடு குழப்பவேண்டாம். அவை பின்னணியைச் சமமாகக் காட்டும், ஆனால் கலங்களின் எண்களையும் சேர்த்து மாற்றிவிடும்.

மூலை வெளிச்சமாகிவிட்டதால் அங்கே இல்லாத தகவல் வந்துவிடவில்லை என்பதையும் மனதில் வையுங்கள். மூலைக்கு வந்த ஒளி குறைவு, குறைந்த ஒளியில் இரைச்சலின் பங்கு கூட. வகுக்கும்போது கலமும் இரைச்சலும் சேர்ந்தே உயரும். திருத்திய படத்தின் மூலைகள் கொஞ்சம் மணல் தூவினாற்போலத் தெரிவது இதனால்தான். முதலில் ஆடியைத் திருத்துங்கள் என்று வற்புறுத்தியதற்கும் காரணம் இதுவே.

சாயம் ஏறிய இடமே ஒளிர்ந்து தெரியும் உடனொளிர்வு நுணுக்குக்காட்டியில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே வெற்றிடம் கறுப்பாக இருக்கும், அதனால் வகுக்க முடியாது. சீராக ஒளிரும் சாயக் கரைசலையோ பிளாஸ்டிக் தகட்டையோ வைத்து வெற்றுப்படம் எடுக்கவேண்டும். திசுவின் சொந்த ஒளிர்வு சேர்க்கும் பின்னணி கூட்டல் வகை, ஆகவே அதற்குக் கழித்தல்தான் சரி. எது பெருக்குகிறது, எது கூட்டுகிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் இங்கேயும் வழி தவறாது.

திருத்தம் சரியா என்று சோதிப்பது இலகு. ஒரு வெற்றுப்படத்தை இன்னொரு வெற்றுப்படத்தால் வகுத்து, விடையில் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்து அதன் வரைபைப் பாருங்கள். கோடு மட்டமாகப் போகவேண்டும். இன்னும் உறுதியான சோதனை, ஒரே கருவை நடுவில் வைத்து ஒரு படம், வழுக்கியை நகர்த்தி அதே கருவை இருண்ட மூலையில் வைத்து இன்னொரு படம். திருத்தியபின் இரண்டிலும் ஒரே எண் வந்தால் உங்கள் அளவீட்டை நம்பலாம். வராவிட்டால் பெரும்பாலும் இருட்படம் விடுபட்டிருக்கும், அல்லது போன் எங்கேயோ ஒளிப்பதிவை மாற்றியிருக்கும்.

மூலப் படங்களை ஒருபோதும் அழிக்கவேண்டாம். மூலப் படம், வெற்றுப்படம், இருட்படம் மூன்றையும் ஒரே கோப்புறையில், பொருள்வில்லையின் உருப்பெருக்கமும் ஒளிப்பதிவு நேரமும் திகதியும் பெயரில் தெரியும்படி வையுங்கள். செய்திட்ட அறிக்கையிலோ ஆய்வுக் கட்டுரையிலோ திருத்திய படத்தைப் போட்டால், எந்த முறையில் திருத்தினீர்கள் என்று முறையியல் பகுதியில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.